சிரகூசா போகிறீர்களா? காரைப் பாலத்துக்கு இந்தப் பக்கமே விட்டுவிடுங்கள்

போன வாரம் அக்கா மகன் போனில் கூப்பிட்டான். "மாமா, சிசிலிக்கு டிக்கெட் போட்டாச்சு. ஏர்போர்ட்லயே கார் எடுக்கிறோம். ஓர்த்தீஜா தீவுக்குள்ளயே ரூம். வாசல்லயே வண்டிய நிறுத்திக்கலாம்." கேட்டதும் எனக்கு வயிற்றைக் கலக்கியது. 2017இல் ஏறக்குறைய இதே வார்த்தைகளைச் சொல்லிவிட்டுத்தான் நானும் கிளம்பினேன். அதற்குப் பிறகு மூன்று முறை, இத்தாலியின் சிசிலித் தீவில் இருக்கும் சிரகூசாவுக்குப் போய்விட்டேன். நண்பர்கள், உறவினர்கள் என்று பலருக்குத் திட்டமும் போட்டுக் கொடுத்திருக்கிறேன். ஒவ்வொருவரும் முதலில் நான் விழுந்த அதே குழியை நோக்கித்தான் நடக்கிறார்கள்.

பாஸ்போர்ட் நகல் எடுத்து வையுங்கள், பவர் பேங்க் மறக்காதீர்கள் என்பதையெல்லாம் யார் வேண்டுமானாலும் சொல்லிவிடுவார்கள். அவற்றை விட்டுவிடுகிறேன். சிரகூசாவில் பலரும் செய்யும் தவறுகளை மட்டும் ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

வாடகைக் காரோடு ஓர்த்தீஜாவுக்குள் நுழைவது

சிரகூசாவின் பழைய நகரம் ஒரு சின்னத் தீவு. பெயர் ஓர்த்தீஜா. கி.மு. 8ஆம் நூற்றாண்டில் கொரிந்த் நகரத்துக் கிரேக்கர்கள் வந்து குடியேறிய இடம். புதிய நகரத்தையும் தீவையும் குட்டிப் பாலங்கள் இணைக்கின்றன. தீவின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு அரை மணி நேரத்தில் நடந்துவிடலாம். அதற்குள் கார் எதற்கு என்ற கேள்வியே அன்று எனக்குத் தோன்றவில்லை.

இத்தாலியின் பழைய நகரங்கள் பலவற்றில் 'வாகனப் போக்குவரத்து கட்டுப்படுத்தப்பட்ட பகுதி' என்று ஒன்று உண்டு. இத்தாலிய மொழியில் சுருக்கமாக ஸெட்-டி-எல். அனுமதி பெற்ற வண்டிகள் மட்டுமே உள்ளே போகலாம். தடுப்புக் கட்டை இருக்காது, போலீஸ்காரரும் நிற்க மாட்டார். ஒரு கேமரா இருக்கும், நம்பர் பிளேட்டைப் படம் பிடிக்கும், அவ்வளவுதான். ஓர்த்தீஜாவின் பெரும்பகுதி இப்படிப்பட்ட பகுதி. கட்டுப்பாடு அமலில் இருக்கும் நேரம் பருவத்துக்கும் கிழமைக்கும் ஏற்ப மாறும்.

அன்று சாயங்காலம் பாலத்தைத் தாண்டினோம். இரு பக்கமும் படகுகள், பின்னால் ஹார்ன் அடித்துக்கொண்டு ஒரு ஸ்கூட்டர், போனில் வரைபடம் "நேராகச் செல்லவும்" என்கிறது. கொஞ்ச தூரத்தில் ஒரு கம்பத்தில் வெள்ளை வட்டம், சுற்றிலும் சிவப்பு வளையம். அதன் பக்கத்தில் மின்பலகையில் சிவப்பு எழுத்தில் இரண்டே சொற்கள்: 'வார்கோ அத்தீவோ'. பக்கத்தில் இருந்த என் மனைவி, "ஆக்டிவ்னு போட்டிருக்கு, திறந்திருக்கு போல, போங்க" என்றாள். நானும் அப்படித்தான் படித்தேன். வார்கோ என்றால் நுழைவாயில், அத்தீவோ என்றால் செயல்பாட்டில் இருக்கிறது. வாயில் திறந்திருக்கிறது என்றுதானே எவருக்கும் தோன்றும்? அர்த்தம் நேர் எதிர். கட்டுப்பாடு இப்போது செயல்பாட்டில் இருக்கிறது, உள்ளே வராதே என்பதுதான் அது. நடுவில் 'நோன்' என்ற சொல்லும் சேர்ந்து 'வார்கோ நோன் அத்தீவோ' என்று இருந்தால்தான் போகலாம். இந்த ஒரு சொல்லை மட்டுமாவது மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்.

மறுநாள் பக்கத்து ஊரான நோத்தோ போய்விட்டு இருட்டும் நேரத்தில் மறுபடி அதே வழியாக உள்ளே வந்தோம். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. பயணம் நல்லபடியாக முடிந்தது என்றே ஊர் திரும்பினோம்.

இரண்டு மாதம் கழித்து என் கிரெடிட் கார்டிலிருந்து வாடகை நிறுவனம் இரண்டு முறை பணம் எடுத்திருந்தது. சரி, அபராதம் கட்டியாகிவிட்டது என்று நினைத்தேன். அது அபராதமே இல்லை. என் பெயரையும் முகவரியையும் அதிகாரிகளுக்குக் கொடுத்ததற்கு அவர்கள் எடுத்துக்கொண்ட சேவைக் கட்டணம். உண்மையான அபராதக் கடிதங்கள் பல மாதங்கள் கழித்துப் பதிவுத் தபாலில் வந்தன. இரண்டு நாளுக்கு இரண்டு. வெளிநாட்டில் வசிப்பவருக்கு 360 நாட்களுக்குள் நோட்டீஸ் அனுப்பலாம் என்று இத்தாலியச் சட்டம் சொல்கிறது. அதனால், ஆறு மாதம் ஆகிவிட்டது, தப்பித்தோம் என்று யாரும் நினைக்க வேண்டாம். இன்றைக்குக் குறைந்தபட்ச அபராதமே 80 யூரோவுக்கு மேல். நோட்டீஸ் கையில் கிடைத்த 5 நாட்களுக்குள் கட்டினால் 30 சதவீதம் தள்ளுபடி உண்டு. நான் கடிதத்தை மொழிபெயர்க்க ஆள் தேடியதில் அந்த 5 நாளும் போய்விட்டது. அபராதம், சேவைக் கட்டணம், வங்கிக் கட்டணம் எல்லாம் சேர்த்தால், கடல் பார்த்த அறையில் இன்னும் இரண்டு இரவு தங்கியிருக்கலாம். இத்தனை வருடம் ஆகியும் அதை நினைத்தால் எரிச்சல் அடங்கவில்லை. பணம் போனதுகூடப் பரவாயில்லை. அந்தக் காரால் தீவுக்குள் எனக்கு ஒரு பைசாவுக்கும் பிரயோஜனம் இல்லை. இரண்டு நாளும் ஒரு சுவரோரம் சும்மா நின்றது.

அதனால் இப்படிச் செய்யுங்கள். கத்தானியா விமான நிலையத்திலிருந்து சிரகூசாவுக்கு நேரடி பஸ் இருக்கிறது, ஒன்றேகால் மணி நேரம் போல ஆகும். கத்தானியா நகரத்திலிருந்து ரயிலும் உண்டு. நோத்தோவுக்கு ரயிலில் அரை மணி நேரம் போலத்தான். ஸ்டேஷனிலிருந்து ஊருக்குள் கொஞ்சம் மேடேற வேண்டும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் ரயிலை நம்பிக் கிளம்பாதீர்கள். காகித டிக்கெட் வாங்கினால், ஏறுவதற்கு முன் பிளாட்ஃபாரத்தில் இருக்கும் சின்னப் பெட்டியில் செருகி முத்திரை பதித்துக்கொள்ளுங்கள். அதுவும் ஒரு அபராதக் குழி.

பான்தாலிக்கா பார்க்க ஆசைப்பட்டால் கார் வேண்டும்தான். பள்ளத்தாக்கின் பாறைச் சுவர்களில் 5,000க்கும் மேற்பட்ட பழங்காலக் கல்லறைகள். சிரகூசாவோடு சேர்த்து 2005இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறிய இடம். அந்த ஒரு நாளுக்கு மட்டும் புதிய நகரத்தில் கார் எடுத்து, அன்றே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். இரவு வைத்திருக்க வேண்டியிருந்தால் பாலத்துக்கு இந்தப் பக்கம் மோலோ சாந்த் அந்தோனியோ என்ற கட்டண நிறுத்துமிடம் இருக்கிறது. அங்கே விட்டுவிட்டுத் தீவுக்குள் நடங்கள். தெருவோரம் நிறுத்தினால் கோட்டின் நிறத்தைப் பாருங்கள். வெள்ளை இலவசம், நீலத்துக்குப் பணம், மஞ்சள் நமக்கில்லை. சில விடுதிகள் பெட்டி இறக்குவதற்காக விருந்தினர் வண்டி எண்ணைப் பதிந்து அனுமதி வாங்கித் தரும். அதை நுழைவதற்கு முன்பே எழுத்தில் கேட்டு வாங்குங்கள். "வாங்க பாத்துக்கலாம்" என்ற வாய்வார்த்தைக்கு கேமரா முன்னால் மதிப்பில்லை.

இன்னொன்று, நம் ஊர் லைசென்ஸ் மட்டும் இத்தாலியில் போதாது. ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் சர்வதேச ஓட்டுநர் அனுமதி வாங்க வேண்டும். ஒரு வருடம் செல்லும்.

ஆகஸ்டில் போவது

2021 ஆகஸ்ட் 11 அன்று சிரகூசா அருகே பதிவான வெப்பம் 48.8 டிகிரி. ஐரோப்பாவிலேயே இதுவரை பதிவானதில் அதுதான் உச்சம் என்று உலக வானிலை அமைப்பு ஏற்றுக்கொண்டிருக்கிறது. நமக்கு வெயில் பழக்கம்தானே என்பார்கள். கிரேக்க அரங்கம் இருக்கும் நெயாப்போலிஸ் பூங்காவில் வெள்ளைச் சுண்ணாம்புக்கல் வெயிலைக் கண்ணுக்குள்ளேயே திருப்பி அடிக்கும். அரங்கப் படிகளில் நிழல் கிடையாது. ஏப்ரல், மே, இல்லாவிட்டால் செப்டம்பர் கடைசியிலிருந்து அக்டோபர் வரை போங்கள். அக்டோபரிலும் கடலில் குளிக்கலாம்.

அரங்கத்துக்குத் தேதி பார்க்காமல் போவது

பாறையைக் குடைந்து செய்த அந்த அரங்கத்தில் 1914இல் பழைய கிரேக்க நாடகங்களை மறுபடி மேடையேற்றத் தொடங்கினார்கள். இன்றும் மே முதல் கோடையில் நாடகங்கள் நடக்கின்றன. அந்த மாதங்களில் கல் படிகளின் மேல் மரப்பலகை போட்டு மூடிவிடுவார்கள். கல்லைப் பார்க்கத்தான் இவ்வளவு தூரம் வந்தேன் என்பவருக்கு அது ஏமாற்றம். நாடகம் பார்க்க வந்தவருக்கோ அதைவிட நல்ல காலம் கிடையாது. வசனம் இத்தாலிய மொழியில் இருக்கும். கதையை முன்கூட்டியே படித்துவிட்டுப் போனால் மொழி ஒரு தடையே இல்லை. பொழுது சாயச் சாய, மேடைக்குப் பின்னால் மரங்கள் கறுத்துக்கொண்டே வரும்.

பக்கத்துக் கற்குழிகளைத் தவற விடாதீர்கள். 'தியோனிசியஸின் காது' என்ற குகை 23 மீட்டர் உயரம், உள்நோக்கி 65 மீட்டர் நீளம். உள்ளே போய் மெல்லப் பேசினாலும் குரல் பெருகித் திரும்பும். கி.மு. 413இல் தோற்றுப்போன ஏதென்ஸ் வீரர்கள் ஏறக்குறைய 7,000 பேரை இந்த ஊரின் கற்குழிகளில்தான் அடைத்து வைத்தார்கள். அதைத் தெரிந்துகொண்டு அங்கே நின்றால் எலுமிச்சை மரங்களும் பறவைச் சத்தமும் வேறு மாதிரி தெரியும்.

பேராலயத்தை முன்பக்கம் மட்டும் பார்ப்பது

துவோமோ சதுக்கத்தில் வந்து நின்று, முகப்பை ஒரு படம் எடுத்து, ஐஸ்கிரீம் வாங்கிக்கொண்டு போய்விடுகிறார்கள். முதல் முறை நானும் அதைத்தான் செய்தேன். அந்த முகப்பு 1693 நிலநடுக்கத்துக்குப் பிறகு, 18ஆம் நூற்றாண்டில் கட்டியது. இந்தக் கோயிலின் உயிர் பக்கவாட்டில் இருக்கிறது. இடப்பக்கம் வியா மினெர்வா என்ற தெருவில் திரும்புங்கள். சுவருக்குள்ளிருந்து பெரிய பெரிய தூண்கள் பாதி உடம்பு வெளியே தெரிய நிற்கும். கி.மு. 5ஆம் நூற்றாண்டு அத்தேனா கோயிலின் தூண்கள். இடைவெளியை அடைத்துத்தான் கிறிஸ்தவக் கோயில் ஆக்கினார்கள். அரபியர் காலத்தில் பள்ளிவாசலாகவும் இருந்தது. தூணில் நீளவாக்கில் ஓடும் பள்ளத்தில் விரலை வைத்துப் பாருங்கள். விளிம்பெல்லாம் மழுங்கி, காய்ந்த பிஸ்கட்போல் சொரசொரவென்று இருக்கும். உள்ளேயும் அதே தூண்கள் வரிசையாக நிற்கின்றன, அவற்றுக்கு நடுவே மெழுகுவர்த்திகள் எரிகின்றன. 2,500 வருடமாக ஒரே இடத்தில் கும்பிடுகிறார்கள். எனக்கு மதுரையும் தஞ்சையும் பழகியிருந்தும் அங்கே பேச்சு வரவில்லை.

காலையில் வந்து மாலையில் கிளம்புவது

வேண்டாம். குறைந்தது இரண்டு இரவு தங்குங்கள்.

மணல் கடற்கரையை எதிர்பார்ப்பது

ஓர்த்தீஜாவைச் சுற்றிப் பாறைதான். மணல் வேண்டுமானால் அரெனெல்லா, ஃபொந்தானே பியாங்கே பக்கம் போக வேண்டும். ரப்பர் செருப்பு கொண்டுபோங்கள்.

மதியம் ஊர் சுற்றுவது

ஒரு மணிக்குக் கடைகள் மூடும், நான்கு ஐந்து மணிக்குத் திறக்கும். இரவுச் சாப்பாடு ஏழரைக்கு முன் கிடைப்பது கஷ்டம். குழந்தைகள் இருந்தால் பையில் ஏதாவது வைத்துக்கொள்ளுங்கள். அப்பல்லோ கோயில் இடிபாடுகள் பக்கத்தில் இருக்கும் சந்தைக்குக் காலையிலேயே போய்விடுங்கள். ஞாயிறு கிடையாது.

விசாவை எந்த நாட்டுக்கும் போடலாம் என்று நினைப்பது

அதிக நாள் எங்கே தங்குகிறீர்களோ அந்த நாட்டுக்குத்தான் ஷெங்கன் விண்ணப்பம், அதாவது ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் செல்லும் ஒரே விசாவுக்கான விண்ணப்பம். பாரிஸில் 4 இரவு, சிசிலியில் 6 இரவு என்றால் இத்தாலி. நாட்கள் சமமாக இருந்தால் முதலில் இறங்கும் நாடு.

சாந்தா லூச்சியா என்று கேட்டு வேறு கோயிலுக்குப் போவது

சிரகூசாவின் காவல் தெய்வம் லூச்சியா. அவர் பெயரில் துவோமோ சதுக்கத்தில் ஒரு கோயில், தீவுக்கு வெளியே புதிய நகரத்தின் போர்கத்தா பகுதியில் ஒரு கோயில். 1608இல் இத்தாலிய ஓவியர் கரவாஜ்ஜோ வரைந்த 'புனித லூச்சியாவின் அடக்கம்' என்ற ஓவியம் போர்கத்தா கோயிலுக்காகச் செய்தது. இடையில் சில வருடங்கள் சதுக்கத்துக் கோயிலில் இருந்ததால் பழைய கையேடுகளை நம்பிப் போகிறவர்கள் மாறி நிற்கிறார்கள். எங்கே இருக்கிறது, எத்தனை மணிக்குத் திறப்பார்கள் என்று விடுதியில் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள். ஓவியத்தின் மேல்பாதி முழுக்க வெறும் சுவர். முன்னால் குழி தோண்டும் இரண்டு ஆட்கள், ஆளை மறைக்கும் அளவுக்குப் பெரிதாக. அவர்களுக்குப் பின்னால் தரையில் அந்தப் பெண், சின்னதாக. ஒரு கால் மணி நேரமாவது ஒதுக்குங்கள், கண் இருட்டுக்குப் பழக வேண்டும்.