கிராமத்தில் போக்கிமான் கோ: பந்து தீராமல் ஆட வழி

குறிஞ்சிப்பாடி பக்கமோ பாகூர் பக்கமோ ஒரு சின்ன ஊரில் இருந்துகொண்டு போக்கிமான் கோ ஆடினால் முதல் வாரத்திலேயே பந்து தீர்ந்துபோகும். நிஜத் தெருவில் நடந்து, போன் வரைபடத்தில் தோன்றும் போக்கிமான் என்ற கற்பனை உயிரினங்களைப் பந்து எறிந்து பிடிக்கும் ஆட்டம் இது. கோயில், சிலை போன்ற நிஜ இடங்களில் ஆட்டம் வைத்திருக்கும் ஸ்டாப்பைத் திரையில் விரலால் சுற்றினால்தான் பந்து வரும்; கிராமத்தில் அப்படிச் சுற்றுவதற்கு ஸ்டாப் கிடையாது; அபூர்வமாக ஒரு போக்கிமான் வந்தாலும் எறியக் கையில் ஒன்றும் இருக்காது. அதனால் முதலில் பந்துக்கு வழி செய்வோம். ஆப் இறக்குவது, கணக்குத் தொடங்குவது எல்லாம் உங்களுக்கே தெரியும்.

1. பந்து வரத்து

டவுனில் ஆடும் நண்பர்களைச் சேர்த்துக்கொள்ளுங்கள். அவர்கள் அனுப்பும் கிஃப்டைத் திறந்தால் பந்து வரும். கடலூர், புதுச்சேரி ஆள்கள் பத்துப் பேர் இருந்தாலே கிராமத்தில் வண்டி ஓடும். அடுத்தது டெய்லி அட்வென்ச்சர் இன்சென்ஸ், அதாவது போக்கிமானை வரவழைக்கும் ஆட்டத்துச் சாம்பிராணி. நாளைக்கு ஒரு முறை, 15 நிமிடம், இலவசம். கையில் 30 பந்துக்குக் குறைவாக இருக்கும்போது போட்டால் 30 பந்தும் தரும். அதைப் போட்டுவிட்டுத் திண்ணையில் உட்காராதீர்கள், நடந்தால்தான் போக்கிமான் வரும்.

பஸ்ஸில் போகும்போது சுற்றிக்கொள்ளலாம் என்று நம்ப வேண்டாம். சுமார் 35 கி.மீ. வேகத்தைத் தாண்டினால் ஸ்டாப் எதுவும் தராது. புதுச்சேரிக்குப் போகிற நாளில் சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் பீச் ரோட்டுக்குப் போங்கள். வண்டி விடமாட்டார்கள், சிலையும் நினைவுச்சின்னமும் அடுத்தடுத்து இருப்பதால் நடந்தபடியே பையை நிரப்பலாம். ஒரே ஸ்டாப்பை ஐந்து நிமிடம் கழித்து மறுபடி சுற்றலாம்.

2. ஜிபிஎஸ்

போன் செட்டிங்கில் லொகேஷன் அக்யூரசியை ஆன் செய்யுங்கள். டெவலப்பர் ஆப்ஷனில் மாக் லொகேஷன் ஆப் (போலி இடம் காட்டுவது) ஏதாவது தேர்வாகி இருந்தால் எடுத்துவிடுங்கள். இடம் தெரியவில்லை என்று ஆட்டம் காட்டும் 'எரர் 12' பெரும்பாலும் அதனால்தான் வருகிறது. போலி லொகேஷன் ஆப் பக்கமே போகாதீர்கள். முதல் முறை எச்சரிக்கை, இரண்டாம் முறை சுமார் 30 நாள் தடை, மூன்றாம் முறை கணக்கே போய்விடும்.

தகர ஷீட் போட்ட வீட்டுக்குள்ளும் கான்கிரீட் மாடிக்குக் கீழும் சாட்டிலைட் சிக்னல் சரியாகக் கிடைக்காது. அப்போது போன் வைஃபையையும் டவரையும் வைத்து இடத்தைக் கணக்கிடும். கிராமத்தில் வைஃபை குறைவு, டவர் தூரம். அதனால்தான் திரையில் உங்களைக் காட்டும் ஆள் திடீரென்று ஏரிக்கு நடுவில் போய் நிற்கிறான். நெட் மந்தமாக இருந்தால் சாட்டிலைட் எங்கே இருக்கிறது என்ற தகவலைப் போன் நேரடியாக வானத்திலிருந்தே வாங்க வேண்டும். ஒரு சாட்டிலைட் அதை அனுப்பி முடிக்க 30 விநாடி ஆகும். முந்திரித்தோப்புக்குள் நடுவில் அறுந்தால் மறுபடி முதலிலிருந்து. களத்துமேட்டிலோ தார்ரோட்டிலோ இரண்டு நிமிடம் நின்று, ஆள் ஆடாமல் நின்ற பிறகு தோப்புக்குள் போங்கள்.

3. அட்வென்ச்சர் சிங்க்

ஆப் மூடியிருந்தாலும் நடந்த தூரத்தைச் சேர்க்கும் வசதி இது. லொகேஷன் அனுமதி 'எல்லா நேரமும்' என்று இருக்க வேண்டும். பேட்டரி ஆப்டிமைசேஷனில் இந்த ஆப்புக்கு விலக்குக் கொடுங்கள்; இல்லாவிட்டால் போன் அதைத் தூங்க வைத்துவிடும். ஆப் மூடியிருக்கும்போது காலடிதான் கணக்கு, சைக்கிளில் போனது பெரும்பாலும் சேராது. வாரத்துக்கு 25, 50 கி.மீ. நடந்தால் திங்கள் காலை 9 மணிக்குப் பரிசு வரும். வயலுக்குப் போய்வருகிறவர்களுக்கு 25 சாதாரணம்.

போக்கிமானை நிஜக் காட்சியின் மேல் காட்டும் ஏஆர் கேமராவை அணைத்து வையுங்கள், பேட்டரியைத் தின்னும்.

4. ஊருக்கு ஒரு ஸ்டாப்

நம் ஊர் இடம் ஒன்றைப் படம் எடுத்து, புது ஸ்டாப்பாக்கச் சொல்லி ஆப்பில் பரிந்துரைப்பதுதான் நிரந்தரத் தீர்வு. லெவல் நன்றாக ஏறிய பிறகுதான் இந்த வசதி திறக்கும்; பொங்கலுக்கு ஊருக்கு வரும் பெரிய லெவல் ஆளைப் பிடித்தால் வேலை முடிந்தது. ஐயனார் கோயில், மாரியம்மன் கோயில், தர்கா, மாதா கோயில், ஊர்ப்புற நூலகம், விளையாட்டுத் திடல் இவற்றுக்கு வாய்ப்பு அதிகம். பள்ளிக்கூடம் கூடாது. ஒருவர் வீட்டு வளாகத்துக்குள் இருக்கும் குலதெய்வக் கோயிலும் தேறாது.

நிராகரிப்பு பெரும்பாலும் படத்தில்தான் நடக்கிறது. பகல் வெளிச்சத்தில், மண்குதிரையும் ஐயனாரும் நடுவில் வர, ஒரு படம். முகமும் வண்டி நம்பர் பிளேட்டும் விழக் கூடாது. இரண்டாவது படத்தைப் பத்தடி பின்னால் வந்து, ரோடும் பக்கத்து மரமும் தெரிய எடுங்கள். பார்த்து முடிவு செய்கிறவர் நம் ஊரை அறியாத இன்னொரு ஆட்டக்காரர். இடத்தைச் சரிபார்க்க, நீங்கள் அனுப்பும் படத்தைத் தவிர அவருக்குப் பெரும்பாலும் இருப்பது சாட்டிலைட் படம்தான். கோயில் புளியமரத்துக்குக் கீழே இருந்தால் அதில் வெறும் பச்சைதான் தெரியும். அதனால் வரைபடத்தில் இடத்தைக் குறிக்கும் பின்னை (pin) கோயில் கூரைமேல் சரியாக வைத்துவிட்டு, துணைக் குறிப்பில் 'குளத்துக்கு வடக்கே, புளியமரத்தடியில்' என்று ஆங்கிலத்திலும் எழுதுங்கள். 'எங்கள் ஊரில் ஸ்டாப் இல்லை, தயவுசெய்து கொடுங்கள்' என்று எழுதினால் ஆகாது. நெட் இழுக்காவிட்டால் 'அப்லோட் லேட்டர்' கொடுத்து, சிக்னல் உள்ள இடத்தில் அனுப்பலாம்.

ஒப்புதல் வந்தும் ஆட்டத்தில் காணவில்லையா? ஆட்டம் நிலத்தைக் கட்டம் கட்டமாகப் பிரித்திருக்கிறது; சுமார் 70 மீட்டர் கட்டம் ஒன்றுக்கு ஒரு ஸ்டாப்தான். பக்கத்துப் பிள்ளையார் கோயில் அதே கட்டத்தில் முந்திக்கொண்டிருக்கும்.

5. ஜிம் வந்த பிறகு

அக்கம்பக்கத்தில் இரண்டாவது ஸ்டாப் வந்தால் ஒன்று ஜிம்மாக மாறும். ஜிம் என்பது உங்கள் போக்கிமானைக் காவலுக்கு நிறுத்தும் இடம்; வேறு அணி ஆட்டக்காரர் சண்டை போட்டு அதை இறக்கலாம். கிராமத்து ஜிம்மில் வேறு ஒரு தொல்லை உண்டு: அடித்து இறக்க ஆள் இல்லாமல் உங்கள் போக்கிமான் வாரக்கணக்கில் அங்கேயே உட்கார்ந்திருக்கும். அது திரும்பி வந்தால்தான் ஆட்டத்துக் காசு கிடைக்கும். பத்து நிமிடத்துக்கு ஒரு காசு, ஒரு நாளைக்கு உச்சம் 50. ஆகவே 8 மணி 20 நிமிடத்துக்கு மேல் இருப்பது வீண். வேறு அணியில் இருக்கும் நண்பர் ஒருவரிடம் சொல்லிவைத்து, ஒருவர் போக்கிமானை மற்றவர் தினமும் இறக்கிவிடுங்கள்.