அம்பு பேக் டிரெய்னிங் குடுக்கப் போறவங்களுக்கு: நான் பண்ணின தப்பையே நீங்களும் பண்ணாதீங்க

தொண்டியில இருந்து சாயல்குடி வரைக்கும் கடலோரமா இருக்குற சின்னச் சின்ன ஆஸ்பத்திரிகள்ல, மூச்சு விடாத புள்ளைக்கு அம்பு பேக்கால (மூஞ்சில மாஸ்க் வச்சு, கையால அமுக்கிக் காத்து குடுக்குற ரப்பர் பை) எப்படி மூச்சு குடுக்கணும்னு சிஸ்டர்களுக்கு சொல்லிக் குடுத்துட்டு இருக்கேன். இப்ப கூட புதுசா ரெண்டு மூணு பேர் வர்றாங்க, நல்ல புள்ளைங்கதான், ஆனா அவங்க கிளாஸ் எடுக்குறதப் பாத்தா பழைய என்னையே பாக்குற மாதிரி இருக்கு, அதான் எழுதுறேன். மாஸ்க் கண்ண மூடக்கூடாது, தலைய ரொம்பப் பின்னாடி சாய்க்கக்கூடாது, இதெல்லாம் எல்லா புக்குலயும் இருக்கு, விட்டுடலாம்.

நம்ம பேக்க வச்சு சொல்லிக் குடுக்கறது

இத நெனச்சா இன்னிக்கும் எனக்கு எரிச்சல்தான் வரும். ஒரு ஊர்ல காலைல இருந்து சாயங்காலம் வரைக்கும் கிளாஸ். என் பையில இருந்த புது பேக்கு, புது மாஸ்க்கு, அமுக்குனா பொம்மைக்கு நெஞ்சு அழகா ஏறி இறங்குது, கைதட்டு, டீ வடை, குரூப் போட்டோ. அவங்க லேபர் ரூம் பேக்க நான் தொட்டுக்கூடப் பாக்கல. அது பீரோவுக்குள்ள இருக்கு, ஸ்டாக் ரிஜிஸ்டர்ல ஏத்துன பொருள், சாவி இன்சார்ஜ் சிஸ்டர்கிட்ட.

மூணு வாரம் கழிச்சு நடுராத்திரி போன். ஸ்பீக்கர்ல போட்டுட்டு அந்தப் பொண்ணு கத்துது, "அக்கா, அமுக்குறேன், நெஞ்சே ஏற மாட்டேங்குது." மாஸ்க்க நல்லா பதிச்சு வை, தோளுக்கு அடியில துணிய மடிச்சு வை, சளிய எடு, வாயத் தெறந்து விடுன்னு நான் ஒவ்வொண்ணா சொல்றேன், எல்லாம் பண்ணிட்டேன்கா பண்ணிட்டேன்கான்னு அழுவுது. கடைசில பேக்கத் தூக்கிப் போட்டுட்டு புள்ளையோட வாயையும் மூக்கையும் சேத்துத் தன் வாயால ஊதிருச்சு. புள்ள அழுதிருச்சு.

மறுநாள் போய் பேக்கப் பிரிச்சா, வால்வுக்குள்ள வாத்து மூக்கு மாதிரி ஒரு ரப்பர் இருக்கும்ல, அதைக் காணோம். கழுவிக் காயப்போட்டப்ப எங்கயோ விழுந்திருக்கு, மிச்சத்த மாட்டி உள்ள வச்சுட்டாங்க. வெளிய பாத்தா முழு பேக்கு, அமுக்குனா காத்து பூரா பக்கவாட்டுல போயிரும், புள்ளைக்கு ஒண்ணும் போகாது.

இதைக் கண்டுபுடிக்குற டெஸ்ட் ரொம்ப சிம்பிள்: மாஸ்க்கக் கழட்டிட்டு, அது மாட்டுற ஓட்டைய உள்ளங்கையால அடைச்சு ஒரு அமுக்கு. கையில அழுத்தம் தெரியணும், இன்னும் அமுக்குனா பாப்-ஆஃப் வால்வு (அழுத்தம் ரொம்பக் கூடுனா காத்த வெளிய விடுறது) புஸ்ஸுன்னு சத்தம் விடணும், விட்டா டக்குனு திரும்ப உப்பணும். பத்து செகண்ட் வேலை, அதைத்தான் நான் பண்ணல. 1956ல டென்மார்க்ல விக்க ஆரம்பிச்ச பொருள் இது, கரண்ட் வேணாம், சிலிண்டர்கூட வேணாம், அதையும் பூட்டி வச்சா என்னங்க பண்றது.

இப்ப எங்க போனாலும் முதல் வேலையே பீரோவத் தெறங்கன்னு சொல்றதுதான். இந்த உப்புக்காத்துல தொண்டைக்குள்ள லைட் அடிச்சுப் பாக்குற லாரிங்கோஸ்கோப்புக்குள்ள பேட்டரி பச்சை பூத்துக் கெடக்கும், மாஸ்க் ரப்பர் கையில பிசுபிசுன்னு ஒட்டும், இல்லாட்டி பெரியவங்க மாஸ்க் மட்டும் இருக்கும். அவங்க பேக்க அவங்களே பிரிச்சு மாட்டி டெஸ்ட் பண்ணுனாதான் பொம்மைகிட்டயே விடுவேன்.

எல்லாக் கணக்கையும் ஒரே ஸ்லைடுல போடுறது

லேபர் ரூமுக்கு 3:1, அதாவது மூணு தடவ நெஞ்ச அமுக்குனா ஒரு மூச்சு. புள்ளைங்க வார்டுல காப்பாத்த ரெண்டு பேர் இருந்தா 15:2, ஒத்த ஆளுன்னா 30:2. மூணையும் ஒண்ணாப் போட்டா ராத்திரி ரெண்டு மணிக்கு ஒண்ணுகூட ஞாபகம் வராது. அதுலயும் பொறந்த புள்ளைல கிட்டத்தட்ட எல்லாத்துக்கும் நெஞ்ச அமுக்குற வேலையே வராது, காத்து ஒழுங்கா உள்ள போனாலே இதயம் வேகம் புடிச்சிரும். பேக்க அமுக்கும்போது "அமுக்கு, ரெண்டு, மூணு"ன்னு வாய்விட்டு எண்ணச் சொல்லுங்க, நிமிஷத்துக்கு 40ல இருந்து 60 மூச்சுக்குள்ள தானா வந்துரும்.

கடல்ல விழுந்த புள்ளைய மறந்துர்றது

நம்ம கரையில இது இல்லாம என்ன கிளாஸு. தலைகீழாப் புடிச்சு, வயித்த அமுக்கித் தண்ணி எடுத்துக்கிட்டே தூக்கிட்டு வருவாங்க. மூச்சு குடுக்க வேண்டிய நேரம் அதுலயே போயிரும், வயித்துல இருக்கறது நுரையீரலுக்குள்ள வேற போகும். முதல்ல மூச்சு, அப்புறந்தான் நெஞ்சு. ஆயாம்மாவையும் வாச்மேன் அண்ணனையும் கிளாஸ்ல உக்கார வைங்க, வாசல்ல புள்ளையக் கையில வாங்குறது அவங்கதான்.

பவர்பாயிண்ட்

வேணாம்.

சர்டிபிகேட்

பேக்க மாட்டிக் காட்டுனப்புறம்.

ஒரு நாளோட முடிச்சுக்கறது

கை பழக்கம் சில மாசத்துல போயிரும். பொம்மைய அங்கயே விட்டுட்டு வாங்க, டூட்டி மாறும்போது ஆளுக்கு ஒரு நிமிஷம் அமுக்கட்டும். நான் அப்படித்தான் ஒரு ஆஸ்பத்திரியில விட்டுட்டு வந்தேன். ரெண்டு மாசம் கழிச்சுப் போய் பொம்மை எங்கன்னு கேட்டா, தொலைஞ்சிரக்கூடாதுன்னு பத்திரமா பீரோவுல வச்சிருக்கோம் அக்காங்கறாங்க. சாவி இன்சார்ஜ் சிஸ்டர்கிட்டயாம், அவங்க அன்னிக்கு லீவு.