அட்டையில் தேதி எங்கே, ஊர் எங்கே?

நாகர்கோவில் பதிப்பு நாளிதழைப் புரட்டியவர்கள் இரண்டு விஷயங்களைத் தேட வேண்டியிருக்கவில்லை. பக்கத்தின் உச்சியில் தேதி இருக்கும். செய்தியின் முதல் வரியில் தக்கலை, குளச்சல், கருங்கல் என்று ஊர்ப்பெயர் இருக்கும். அதே செய்தி, படமும் சில வரிகளும் கொண்ட அட்டையாகி வாட்ஸ்அப் குழுவுக்குள் நுழையும்போது இந்த இரண்டும்தான் முதலில் கழன்று விழுகின்றன. குமரி மாவட்டத்தில் கைப்பேசியில் செய்தி படிப்பவர்கள் செய்யும் தவறுகளில் பெரும்பாலானவை இங்கிருந்தே தொடங்குகின்றன.

மழைக்காலத்தில் ‘தாமிரபரணியில் வெள்ளப்பெருக்கு’ என்று ஓர் அட்டை வருகிறது. எந்தத் தாமிரபரணி? நெல்லை வழியாக ஓடிப் புன்னக்காயலில் கடல் சேர்வதா, திற்பரப்பு, குழித்துறை வழியாக வந்து தேங்காய்ப்பட்டணத்தில் கடல் சேரும் நம் ஆறா? 2023 டிசம்பரில் நெல்லையும் தூத்துக்குடியும் மூழ்கியபோது எடுத்த காட்சி ஒன்றை ஊர் சொல்லாமல் அனுப்பினால் போதும், வளைகுடாவில் இருக்கும் பிள்ளைகள் பதறிப்போய் வீட்டுக்கு அழைப்பார்கள். குழித்துறைக்காரர் பார்க்க வேண்டியது பேச்சிப்பாறை, பெருஞ்சாணி அணைகளின் உபரிநீர் அறிவிப்பை. அதிலும் வெறும் நீர்மட்டத்தைப் பார்த்து நிம்மதி அடைவது தவறு. பேச்சிப்பாறையின் முழு மட்டம் 48 அடி என்பதால், 44 அடி என்றதும் ‘இன்னும் நான்கு அடி இருக்கிறதே’ என்று கணக்குப் போடுகிறார்கள். அணை நிரம்பும்வரை யாரும் காத்திருப்பதில்லை. வெள்ள அபாயத்தைக் குறைக்க முன்கூட்டியே தண்ணீரைத் திறப்பார்கள். எத்தனை கன அடி, எத்தனை மணிக்கு என்பதைத்தான் தேட வேண்டும்.

பள்ளி விடுமுறை அட்டை தனி ரகம். சென்ற ஆண்டு அட்டை இந்த ஆண்டு மழையில் மீண்டும் முளைக்கும். கேரள எல்லையான களியக்காவிளைப் பக்கம் திருவனந்தபுரம் மாவட்டத்து விடுமுறையும் சேர்ந்துகொள்ளும். (இவற்றைப் பரப்புவதில் மாணவர்களின் சுறுசுறுப்பு மெச்சத்தக்கது.) தொலைக்காட்சியின் சின்னம் இருக்கிறதே என்று நம்ப வேண்டாம், சின்னத்தை வெட்டி ஒட்ட ஒரு நிமிடம் போதும். அந்தத் தொலைக்காட்சியின் பக்கத்திலோ மாவட்ட ஆட்சியரின் பக்கத்திலோ அதே அறிவிப்பு இருக்கிறதா என்று பாருங்கள்.

பொய்யை நம்புவதைவிட எனக்குக் கூடுதல் கவலை தருவது, மெய்யான எச்சரிக்கையைக் கேலி செய்வது. 2024 மே 6 அன்று கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் மருத்துவ மாணவர்கள் ஐந்து பேரை அலை இழுத்துச் சென்றது. கள்ளக்கடல் எனப்படும் திடீர்ப் பேரலை பற்றிய எச்சரிக்கை அதற்கு முன்பே வெளியாகியிருந்தது. இந்த அலை எங்கோ தெற்கு இந்தியப் பெருங்கடலில் வீசும் பலத்த காற்றில் உருவாகி, நாள்கணக்கில் பயணம் செய்து நம் கரைக்கு வருகிறது. அது வரும்போது இங்கே காற்றோ மழையோ இருக்க வேண்டும் என்பதில்லை. ஆகவே, வெயிலடிக்கும் கடலைப் படம் எடுத்து ‘எச்சரிக்கையாம், எங்கே அலை?’ என்று குழுவில் போடுகிறவர் எதையும் சரிபார்க்கவில்லை. ஹைதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் என்ற கடல்சார் தகவல் மையத்தின் அறிவிப்பில் எந்த ஊர் முதல் எந்த ஊர் வரை, எந்த நேரம் முதல் எந்த நேரம் வரை என்று இருக்கும். அதைச் சுருக்கி ‘குமரியில் ராட்சத அலை, அதிர்ச்சி!’ என்று தலைப்பிடுகிற உள்ளூர் சேனல்காரர் மீனவருக்குத் தேவையான அத்தனையையும் வெட்டி எறிந்துவிடுகிறார்.

அதே சேனல்காரர்களுக்கு இன்னும் இரண்டு விஷயங்கள் சொல்ல வேண்டும். விபத்தில் சிக்கியவரின் முகத்தை, வீட்டாருக்குத் தகவல் போவதற்கு முன் நேரலையில் காட்டாதீர்கள். பாலியல் குற்றத்துக்கு ஆளான குழந்தையின் பெயர், படம், பள்ளி, தெரு என அடையாளம் காட்டும் எதையும் வெளியிடுவது போக்சோ சட்டத்தின் 23ஆம் பிரிவின்படி குற்றம்.

தவறான பதிவைச் சத்தமில்லாமல் நீக்கிவிட்டால் கணக்குத் தீர்ந்தது என்ற எண்ணம் வாசகர்களிடமும் இருக்கிறது, சேனல் நடத்துகிறவர்களிடமும் இருக்கிறது. நீங்கள் நீக்கியது உங்கள் குழுவில்தான். உங்களிடமிருந்து எடுத்தவர் அதை மார்த்தாண்டத்திலிருந்து மஸ்கட் வரை அனுப்பியிருப்பார். எது தவறு, எது சரி என்று தேதியோடு எழுதி, முதலில் போட்ட அதே இடத்தில் போடுங்கள்.