தண்டர்பேர்ட் மெயிலில் உலாவியும் தேடுபொறியும்: எதை எங்கே மாற்றுவது?

மெயிலில் வந்த லிங்க்கைத் தட்டினால், நீங்கள் தொட்டே பார்க்காத ஓர் உலாவி திறக்கிறது. மெயிலில் ஒரு சொல்லைத் தேர்ந்தெடுத்து வலையில் தேடச் சொன்னால், உலாவியில் நீங்கள் வைத்திருக்கும் தேடுபொறியை விட்டுவிட்டு வேறொன்று வந்து நிற்கிறது. இரண்டையும் மாற்றலாம் என்று, மெயில் படிக்க நீங்கள் வைத்திருக்கும் தண்டர்பேர்ட் மென்பொருளின் செட்டிங்ஸைத் திறந்தால், தேடுபொறிக்கு இடம் இருக்கிறது. உலாவிக்கு எதுவுமே இல்லை.

அது விடுபட்டுப்போன வசதி அல்ல. லிங்க்கைத் தட்டியதும் தண்டர்பேர்ட் அந்த முகவரியை இயங்குதளத்திடம் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்கிறது. விண்டோஸோ மேக்கோ லினக்ஸோ தன் குறிப்பில் உள்ள டிஃபால்ட் உலாவியை எழுப்பித் திறக்கிறது. ஆகவே உலாவியை மாற்ற இயங்குதளத்துக்குப் போக வேண்டும். தேடுபொறி அப்படியல்ல. தண்டர்பேர்டுக்கு ஒன்று, ஃபயர்ஃபாக்ஸுக்கு ஒன்று, குரோமுக்கு ஒன்று என்று ஒவ்வொரு மென்பொருளும் தன் தேர்வைத் தானே வைத்திருக்கும். ஒன்றில் மாற்றினால் மற்றவற்றுக்குத் தெரியாது. இது பிடிபட்டால் மீதி வேலை சில நிமிடங்கள்தான்.

மெனுப் பெயர்களைத் திரையில் ஆங்கிலத்தில் தெரிகிறபடியே தமிழ் எழுத்தில் தந்திருக்கிறேன். உங்கள் பதிப்பில் ஒரு சொல் முன்பின் இருக்கலாம்.

முதல் வேலை: டிஃபால்ட் உலாவி

விண்டோஸ் 11-ல்:

1. செட்டிங்ஸ் திறந்து ஆப்ஸ், அதற்குள் டிஃபால்ட் ஆப்ஸ் செல்லுங்கள்.
2. கீழே வரும் பட்டியலில் உங்களுக்கு வேண்டிய உலாவியின் பெயரைத் தட்டுங்கள்.
3. மேலே தெரியும் செட் டிஃபால்ட் பொத்தானை அழுத்துங்கள்.

இந்தப் பொத்தான் 2022-ல்தான் வந்தது. விண்டோஸ் 11 வெளியான புதிதில் ஒவ்வொரு லிங்க் வகையையும் கோப்பு வகையையும் தனித்தனியாக மாற்ற வேண்டியிருந்தது. பயனரைச் சலிப்படைய வைக்கவே செய்தது போன்ற ஏற்பாடு. பொத்தானை அழுத்திய பிறகும் அதே பக்கத்தில் உள்ள பட்டியலை ஒருமுறை பாருங்கள். வலை முகவரிகளின் தொடக்கத்தில் வரும் எச்டிடிபி, எச்டிடிபிஎஸ் என்ற இரண்டு வரிகளிலும் உங்கள் உலாவியின் பெயர் இருக்க வேண்டும். மெயிலில் வரும் லிங்க்குகளைத் தீர்மானிப்பவை இந்த இரண்டும்தான். ஒன்று மட்டும் மாறாமல் இருந்தால், சில லிங்க்குகள் ஓர் உலாவியிலும் மற்றவை வேறொன்றிலும் திறக்கும். பலர் குழம்பிப்போகும் இடம் இது.

அதே பட்டியலில் எச்டிஎம்எல் என்றும் ஒரு வரி இருக்கும். அது மெயிலோடு கோப்பாக வரும் வலைப்பக்கங்களுக்கானது, லிங்க்குகளுக்கானது அல்ல. எதிர்பாராமல் வரும் எச்டிஎம்எல் கோப்பைத் திறக்காமல் இருப்பதே நல்லது. போலியான உள்நுழைவுப் பக்கத்தைக் காட்டிக் கடவுச்சொல்லைப் பறிக்க இந்த வழியை நிறையப் பயன்படுத்துகிறார்கள்.

விண்டோஸ் 10-ல் அதே டிஃபால்ட் ஆப்ஸ் பக்கத்தில் வெப் பிரவுசர் என்ற தலைப்பின் கீழ் இப்போதைய உலாவியின் படத்தைத் தட்டினால், மற்றவை பட்டியலாக வரும்.

மேக்கில் சிஸ்டம் செட்டிங்ஸ், டெஸ்க்டாப் அண்ட் டாக் என்று போய்க் கீழே நகர்த்தினால் டிஃபால்ட் வெப் பிரவுசர் தெரியும். உலாவியையும் டாக்கையும் ஏன் ஒரே பக்கத்தில் வைத்தார்கள் என்று என்னைக் கேட்காதீர்கள். 2022-ல் வந்த வென்ச்சுராவுக்கு முந்தைய மேக் என்றால் சிஸ்டம் பிரிஃபரென்சஸ், ஜெனரல் என்ற பக்கத்தில் இருக்கும்.

லினக்ஸில் க்னோம், கேடிஇ என்ற திரைச் சூழல்கள் இரண்டிலுமே செட்டிங்ஸைத் திறந்து டிஃபால்ட் என்று தேடினால் போதும். வெப் அல்லது வெப் பிரவுசர் என்ற வரியில் மாற்றலாம். லினக்ஸ் வகைகளில் ஒன்றான உபுண்டு 24.04, தண்டர்பேர்டை ஸ்னாப் என்ற தனித்து அடைபட்ட தொகுப்பாகத் தருகிறது. அதுவும் இயங்குதளத்தின் டிஃபால்ட்டைத்தான் கேட்கும் என்பதால் தனியாக எதுவும் செய்ய வேண்டியதில்லை.

மாற்றியதும் தண்டர்பேர்டை மூடித் திறந்து, உங்களுக்கு நீங்களே ஒரு லிங்க் அனுப்பித் தட்டிப் பாருங்கள். யாரோ அனுப்பிய லிங்க்கில் சோதனை வேண்டாம். எந்த லிங்க்காக இருந்தாலும், தட்டும் முன் சுட்டியை அதன் மேல் நிறுத்தினால் உண்மையான முகவரி சாளரத்தின் அடியில் தெரியும்.

சரியான உலாவிதான் திறக்கிறது, ஆனால் தவறான கணக்கில் திறக்கிறது என்றால் அது வேறு விஷயம். குரோமில் அலுவலகத்துக்கு ஒன்று, சொந்தத்துக்கு ஒன்று என இரண்டு புரொஃபைல் வைத்திருப்பவர்களுக்கு, வெளியிலிருந்து வரும் லிங்க் கடைசியாகப் பயன்படுத்திய புரொஃபைலில் திறக்கும். வேண்டிய புரொஃபைலின் சாளரத்தை ஒருமுறை தொட்டுவிட்டு லிங்க்கைத் தட்டுவதுதான் இருக்கிற எளிய வழி.

இன்னொன்று: கூகுள் கணக்கைத் தண்டர்பேர்டில் சேர்க்கும்போது உள்நுழைவுப் பக்கம் தண்டர்பேர்டுக்கு உள்ளேயே திறக்கலாம். டிஃபால்ட் உலாவி வேலை செய்யவில்லை என்று நினைத்துவிட வேண்டாம். அந்தச் சாளரம் வேண்டுமென்றே உள்ளே வைக்கப்பட்டது.

மெயில் லிங்க்குகளுக்கு மட்டும் வேறு உலாவி வேண்டுமா?

கணினி முழுவதற்கும் குரோம், மெயிலில் வருபவை மட்டும் ஃபயர்ஃபாக்ஸ் என்று பிரித்து வைக்க விரும்புகிறவர்கள் உண்டு. மெயிலிலிருந்து வரும் லிங்க்கை, வங்கிக் கணக்கு முதலியவற்றில் நீங்கள் உள்நுழையாத ஓர் உலாவியில் திறப்பது நல்ல பழக்கம் என்பதே என் கருத்தும். தண்டர்பேர்டில் இதற்கு ஒரு பின்வாசல் இருக்கிறது.

1. வலது மேல் மூலையில் உள்ள மூன்று கோடு மெனுவில் செட்டிங்ஸ், ஜெனரல் என்று போய்ப் பக்கத்தின் அடிவரை இறங்குங்கள். கான்ஃபிக் எடிட்டர் பொத்தான் அங்கே இருக்கும். எச்சரிக்கை வந்தால் ஏற்றுக்கொள்ளுங்கள்.
2. தேடல் கட்டத்தில் வார்ன், ஒரு ஹைபன், எக்ஸ்டெர்னல் என்று ஆங்கிலத்தில் சேர்த்து எழுதுங்கள்.
3. வரும் வரிகளில் எச்டிடிபி என்று முடிவதையும் எச்டிடிபிஎஸ் என்று முடிவதையும் ட்ரூ ஆக்குங்கள். வேறு வரிகளைத் தொட வேண்டாம்.
4. இப்போது ஒரு மெயிலில் லிங்க்கைத் தட்டினால், எந்த மென்பொருளில் திறப்பது என்று கேட்கும். உலாவியைத் தேர்ந்து, எப்போதும் இதையே பயன்படுத்து என்ற பெட்டியில் டிக் போடுங்கள்.

எச்டிடிபிக்கு ஒருமுறை, எச்டிடிபிஎஸ்ஸுக்கு ஒருமுறை எனக் கேள்வி இரண்டு முறை வரும். இன்று பெரும்பாலான தளங்கள் எச்டிடிபிஎஸ் என்பதால் மற்றக் கேள்வி பல நாள் கழித்துக்கூட வரலாம், திடுக்கிட வேண்டாம். மனம் மாறினால் அதே ஜெனரல் பக்கத்தில் ஃபைல்ஸ் அண்ட் அட்டாச்மென்ட்ஸ் என்ற பட்டியலில் இந்த இரண்டு பெயர்களும் ஏறியிருக்கும். அங்கேயே வேறு உலாவியைத் தேர்ந்துகொள்ளலாம். ஸ்னாப், ஃபிளாட்பேக் போன்ற அடைபட்ட தொகுப்புகளில் இந்தப் பின்வாசலை நம்பிப் போகாதீர்கள். உள்ளிருந்து பார்த்தால் உங்கள் கணினியின் உலாவிகள் அவற்றுக்குத் தெரிவதில்லை.

அடுத்த வேலை: தேடுபொறி

இது சுலபம். செட்டிங்ஸ், ஜெனரல் பக்கத்திலேயே டிஃபால்ட் சர்ச் எஞ்சின் என்ற பெட்டி இருக்கிறது. கூகுள், பிங், டக்டக்கோ போன்றவற்றில் வேண்டியதைத் தேர்ந்தால் முடிந்தது. சேமிக்க என்று தனியாக எதையும் அழுத்த வேண்டாம்.

இந்தத் தேடுபொறி எங்கே பயன்படும் என்பதில்தான் புதியவர்களுக்குச் சந்தேகம். தண்டர்பேர்டின் உச்சியில் உள்ள தேடல் கட்டத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை. அது உங்கள் மெயில்களுக்குள் மட்டுமே தேடும். மெயிலின் உள்ளே சில சொற்களைத் தேர்ந்தெடுத்து வலது கிளிக் செய்தால், வலையில் தேடச் சொல்லி ஒரு வரி வரும். அந்த வரிக்குத்தான் இந்தத் தேடுபொறி. முடிவுப் பக்கம் டிஃபால்ட் உலாவியில் திறக்கும், ஆனால் தேடுபொறி தண்டர்பேர்ட் சொன்னதாகவே இருக்கும். அதனால் ஃபயர்ஃபாக்ஸில் டக்டக்கோ வைத்திருந்தும் கூகுள் பக்கம் திறப்பது பழுது அல்ல.

தேர்ந்தெடுத்த சொற்கள் அப்படியே அந்த நிறுவனத்துக்குப் போகின்றன என்பதையும் நினைவில் வையுங்கள். கணக்கு எண்ணோ ரகசியக் குறியீடோ சேர்ந்து தேர்வாகிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பட்டியலில் இல்லாத தேடுபொறி வேண்டுமானால், அதே இடத்தில் ஆட் ஃப்ரம் ஃபைல் என்ற வாய்ப்பு உண்டு. அது கேட்பது ஓப்பன்சர்ச் வகை எக்ஸ்எம்எல் கோப்பு. 2005-ல் அமேசானின் ஏ9 நிறுவனம் உருவாக்கிய வடிவம் இது. தேடுபொறியின் பெயர், அதன் தேடல் முகவரி, அந்த முகவரியில் உங்கள் சொல் வந்து உட்காரும் இடம் ஆகியவை அதில் எழுதப்பட்டிருக்கும். விக்கிப்பீடியா உட்படப் பல தளங்கள் இந்தக் கோப்பைத் தாங்களே வெளியிடுகின்றன. தமிழ் விக்கிப்பீடியாவின் கோப்பை இறக்கிச் சேர்த்தால், மெயிலில் உள்ள தமிழ்ச் சொல்லை நேராக அங்கேயே தேடலாம்.

உலாவியிலும் அதே தேடுபொறி வேண்டுமென்றால் அங்கும் ஒருமுறை மாற்ற வேண்டும். ஃபயர்ஃபாக்ஸில் செட்டிங்ஸ், சர்ச். குரோமில் செட்டிங்ஸ், சர்ச் எஞ்சின். சஃபாரியிலும் செட்டிங்ஸுக்குள் சர்ச். எட்ஜில் மட்டும் தேடி அலைய வேண்டும்; பிரைவசி, சர்ச் அண்ட் சர்வீசஸ் பகுதிக்குள் புதைந்திருக்கிறது.

தண்டர்பேர்ட் இல்லாதவர்களுக்கு

அவுட்லுக் சில நேரம் இயங்குதளத்தைக் கேட்காமலே உலாவியைத் திறக்கும். மைக்ரோசாஃப்ட் 365 சந்தாவோடு வரும் விண்டோஸ் அவுட்லுக், 2023-லிருந்து லிங்க்குகளை எட்ஜில் திறக்கும்படி அமைக்கப்பட்டது. பழைய தோற்றமுள்ள அவுட்லுக்கில் ஃபைல், ஆப்ஷன்ஸ், அட்வான்ஸ்டு என்று போய், ஹைப்பர்லிங்க்குகளை எதில் திறப்பது என்று கேட்கும் பெட்டியில் டிஃபால்ட் பிரவுசரைத் தேர்ந்தெடுங்கள்.

ஆண்ட்ராய்டு கைபேசியில் செட்டிங்ஸ், ஆப்ஸ், டிஃபால்ட் ஆப்ஸ், பிரவுசர் ஆப் என்ற வழியில் போங்கள். ஜிமெயில் செயலி லிங்க்கைத் தனக்குள்ளேயே திறந்தால், அதன் ஜெனரல் செட்டிங்ஸில் ஓப்பன் வெப் லிங்க்ஸ் இன் ஜிமெயில் என்பதை அணைத்துவிடுங்கள். ஐபோனில் ஐஓஎஸ் 14-லிருந்துதான் சஃபாரி தவிர்த்த உலாவியை டிஃபால்ட் ஆக்க முடிகிறது. அங்கே ஜிமெயில் செயலிக்கும் டிஃபால்ட் ஆப்ஸ் என்று தனி செட்டிங்ஸ் இருக்கிறது. ஒவ்வொரு முறையும் எதில் திறப்பது என்று கேட்கச் சொல்லும் பொத்தானும் அதிலேயே உண்டு.