பரண் மேல் கிடக்கும் கேசட்டைக் கம்ப்யூட்டருக்கு மாற்றுவது எப்படி?

போன பொங்கலுக்கு வீடு ஒதுங்கவைத்தபோது பரணிலிருந்து ஒரு தகரப் பெட்டி இறங்கியது. உள்ளே 23 கேசட். பாதிக்கு மேல் சினிமாப் பாட்டு. அவற்றை அப்படியே ஓரம் கட்டிவிட்டேன். அந்தப் பாட்டெல்லாம் இன்று எங்கும் கிடைக்கிறது, அதற்காக மெனக்கெட வேண்டாம். மிச்சம்தான் முக்கியம். எங்கள் ஊர்ச் சுடலைமாடன் கோயில் கொடைத் திருவிழாவில் அப்பா டூ-இன்-ஒன்னை (ரேடியோவும் டேப் ரெக்கார்டரும் சேர்ந்த பெட்டி) மேடைக்குப் பக்கத்தில் வைத்துப் பதிந்த வில்லுப்பாட்டு மூன்று கேசட். துபாயிலிருந்து சித்தப்பா பேசி அனுப்பியவை நான்கு. அவருக்குப் பதில் சொல்லி ஆச்சி பேசி, ஏனோ தபாலில் சேராமல் போன ஒன்று.

திருநெல்வேலிப் பக்கம் வளைகுடாவுக்கு ஆள் போன வீடுகளில் இப்படிப் 'பேசுன கேசட்' ஒன்றாவது இருக்கும். இருந்தால், கீழே சொல்லுகிறபடி செய்யுங்கள். ஒன்றை மட்டும் முதலிலேயே மனதில் வையுங்கள்: பழைய கேசட்டுக்கு இன்றைய ஓட்டமே கடைசி ஓட்டமாக இருக்கலாம். 'ஓடுதான்னு சும்மா போட்டுப் பாப்போம்' என்று போடாதீர்கள். நான் போட்டேன். சித்தப்பா கேசட் ஒன்றில் நாலு நிமிடப் பேச்சை டேப் ரெக்கார்டர் மென்று தின்றுவிட்டது. எல்லா ஒத்திகையையும் அந்தச் சினிமாப் பாட்டுக் கேசட்டில் முடித்துவிட்டு, முக்கியமானதைப் போடும் முதல் தடவையே ரெக்கார்டிங் ஓடிக்கொண்டிருக்க வேண்டும்.

என்னென்ன வேண்டும்

நல்ல டேப் ரெக்கார்டர் அல்லது டெக் ஒன்று. பழையதாக இருந்தாலும் பெல்ட் புதிதாக இருக்க வேண்டும். பெல்ட் தளர்ந்தால் பாட்டு இழுத்து இழுத்து வரும். மெக்கானிக்கிடம் கொடுத்து மாற்றிக்கொள்ளுங்கள். யுஎஸ்பி வயரோடு வாக்மேன் மாதிரி விலை மலிவாக விற்கும் பெட்டிகளை நான் வாங்கச் சொல்ல மாட்டேன். அவற்றில் மோட்டார் ஓட்டம் ஒரே சீராக இருப்பதில்லை, குரல் நடுங்கும்.

அடுத்து, லைன் இன் (டேப் ரெக்கார்டர் போன்றவற்றின் சத்தம் உள்ளே போகும் ஓட்டை) உள்ள யுஎஸ்பி சவுண்ட் கார்டு. லேப்டாப்பின் ஒற்றை ஓட்டை ஹெட்செட்டுக்கானது; அதில் உள்ளே போகும் வழி மைக்குக்கு மட்டும், அதுவும் மோனோ. டேப் ரெக்கார்டரை அதில் சொருகினால் சத்தம் கரகரவென்று உடையும். பெஹ்ரிங்கர் யுசிஏ202 மாதிரி, சிவப்பும் வெள்ளையுமாக ஆர்சிஏ ஓட்டைகள் உள்ள சிறு பெட்டி போதும். டெக்கில் லைன் அவுட் இருந்தால் அதிலிருந்து ஆர்சிஏ வயர். இல்லாவிட்டால் ஹெட்போன் ஓட்டையிலிருந்து 3.5 மி.மீ. - ஆர்சிஏ வயர். கம்ப்யூட்டரில் ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருள்.

கேசட்டைத் தயார் செய்தல்

முதலில் மேல் விளிம்பில் இருக்கும் இரண்டு சின்னப் பிளாஸ்டிக் பற்களையும் உடைத்துவிடுங்கள். அப்புறம் கை தவறி ரெக்கார்டு பட்டனை அழுத்தினாலும் பழைய பதிவு அழியாது.

கண்ணாடி வழியே நாடாச் சுருளைப் பாருங்கள். ஓரத்தில் வெள்ளைப் பொடி படிந்திருந்தால் பூஞ்சை. ஐப்பசி மழை ஈரத்தில் பெட்டி கிடந்ததன் பலன். அதை மற்றவற்றோடு வைக்காதீர்கள், கடைசிக்குத் தள்ளுங்கள். அது ஓடிய ஹெட்டில் (நாடாவைத் தொட்டுப் படிக்கும் உலோக முனை) அப்படியே அடுத்த கேசட்டைப் போட்டால் அதற்கும் தொற்றும். நடுவில் நாடாவுக்குப் பின்னால் செம்பு நிறத் தகட்டில் ஒரு சிறு பஞ்சுத் துண்டு ஒட்டியிருக்கும். அது உதிர்ந்திருந்தால் சத்தம் மங்கலாகத்தான் வரும். சினிமாப் பாட்டுக் கேசட்டிலிருந்து எடுத்து மாட்டுங்கள், அல்லது நாடாவையே ஸ்குரு போட்ட வேறு கூட்டுக்கு மாற்றுங்கள்.

பிறகு பென்சிலைக் கேசட்டின் சக்கர ஓட்டைப் பல்லில் விட்டுக் கையால் இரண்டு சுற்று. இலகுவாகச் சுற்றினால் மெஷினில் ஒரு தடவை ஃபாஸ்ட் ஃபார்வர்டில் கடைசிவரை ஓட்டி, திரும்ப ரிவைண்ட் செய்யுங்கள். வருஷக்கணக்கில் இறுகிக் கிடந்த சுருள் இளகும். சி-60 கேசட்டில் (இரண்டு பக்கமும் சேர்த்து 60 நிமிடம்) ஏறக்குறைய 86 மீட்டர் நாடா இருக்கிறது. சி-90 இன்னும் மெல்லியது, சி-120 அதைவிட மெல்லியது. அதைக் கையாலேயே சுற்றுவது நல்லது. நாடா அறுந்தால் செல்லோ டேப் ஒட்டாதீர்கள், பசை கசிந்து அடுத்த சுற்றில் ஒட்டிக்கொள்ளும். அதற்கென்றே ஸ்பிளைசிங் டேப் இருக்கிறது.

ஹெட்டும் ஒரு சின்ன ஸ்குருவும்

ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலைக் காது குடையும் பஞ்சுக் குச்சியில் தொட்டு ஹெட்டைத் துடையுங்கள். பழுப்பாக வரும், பஞ்சு வெள்ளையாக வரும்வரை துடைக்க வேண்டும். ஒவ்வொரு கேசட்டுக்கும் முன்னால் இதைச் செய்யுங்கள்.

இனி, பலரும் தொடாமல் விடுகிற விஷயம். ஹெட்டின் ஒரு பக்கத்தில் ஸ்பிரிங்கோடு ஒரு ஸ்குரு இருக்கும். ஹெட் எந்தச் சாய்வில் நாடாவைத் தொடுகிறது என்பதை அதுதான் தீர்மானிக்கிறது. அப்பாவின் டூ-இன்-ஒன் ஹெட் ஒரு சாய்வில் இருந்திருக்கும், என்னுடைய டெக்கின் ஹெட் வேறு சாய்வில் இருக்கும். இரண்டும் பொருந்தாவிட்டால் கம்பளிக்குள்ளிருந்து பாடுவதுபோலக் கேட்கும். கேசட் ஓடும்போதே அந்த ஸ்குருவைக் கால் சுற்றுக்கும் குறைவாக இப்படியும் அப்படியும் திருப்பி, சத்தம் எங்கே துலங்குகிறது என்று பாருங்கள். வில்லுப்பாட்டு கேசட் என்றால் பாட்டைக் கேட்காதீர்கள், வில்லில் கட்டிய மணியைக் கேளுங்கள். வீசுகோல் விழும்போது மணி 'ஜல்' என்று தனியாக எங்கே தெறிக்கிறதோ அதுதான் சரியான இடம். பேச்சுக் கேசட் என்றால் 'ச', 'ஸ' ஒலிகளைக் கவனியுங்கள். எங்கள் வில்லுப்பாட்டில் இந்த ஒரு காரியத்தால் வந்த தெளிவு, பிறகு எந்த மென்பொருளாலும் வரவில்லை. இதைத் திருப்பும் நேரத்திலும் ரெக்கார்டிங் ஓடட்டும். சரியான இடம் கிடைத்தபின் மீண்டும் தொடக்கத்திலிருந்து பதியலாம்.

பதிவு

ஆடாசிட்டியில் ரெக்கார்டிங் டிவைஸாக யுஎஸ்பி சவுண்ட் கார்டைத் தேர்ந்தெடுங்கள். ரேட் 44100. விண்டோஸ் சவுண்ட் செட்டிங்கில் 'ஆடியோ என்ஹான்ஸ்மென்ட்' என்று இருப்பதை ஆஃப் செய்துவிடுங்கள். அது குடத்தையும் ஜால்ராவையும் இரைச்சல் என்று நினைத்து அமுக்கிவிடும்.

சத்த அளவு: இருப்பதிலேயே உரத்த இடத்தில் மீட்டர் மைனஸ் 6 டெசிபல் பக்கம் நிற்க வேண்டும். பூஜ்யத்தைத் தொட்டுச் சிவந்தால் அந்த இடம் உடைந்தது உடைந்ததுதான், சரி செய்ய முடியாது. கொடைப் பதிவில் புலவர் கதை சொல்லும்போது தணிந்து இருக்கும், திடீரென்று குடமும் உடுக்கையும் சேர்ந்து எகிறும். அதைக் கணக்கில் வைத்துக் குறைவாகவே வையுங்கள்.

'ம்ம்ம்' என்று ஒரு ரீங்காரம் கேட்டால் லேப்டாப் சார்ஜரைக் கழற்றிவிட்டு பேட்டரியில் ஓட்டிப் பாருங்கள். பெரும்பாலும் நின்றுவிடும். லேப்டாப் தூங்கிப்போகாமல் ஸ்லீப்பை நிறுத்துங்கள்.

இப்போது ஆடாசிட்டிக்குக் கீபோர்டில் ஆர் பட்டன், பிறகு டெக்கில் பிளே. ஒரு பக்கம் 30 நிமிடம் என்றால் 30 நிமிடமும் ஆகும், குறுக்கு வழி கிடையாது. கேட்டுக்கொண்டே இருந்தால், முக்கியமான இடத்தில் கன்ட்ரோலும் எம்மும் அழுத்தி லேபிள் போட்டுக்கொள்ளலாம். பேச்சு முடிந்துவிட்டதே என்று பாதியில் நிறுத்தாதீர்கள். ஆச்சி கேசட்டில் 'வச்சிருதேன்' என்று சொன்ன பிறகும் பட்டனை அணைக்க அவளுக்குத் தெரியவில்லை. பீடி இலை வெட்டும் கத்தரிச் சத்தம், 'ஏட்டி, அந்தக் கோழிய வெரட்டு' என்று ஒரு அதட்டல், இப்படிப் பதினோரு நிமிடம் ஓடுகிறது. எங்கள் வீட்டில் எல்லாரும் திரும்பத் திரும்பக் கேட்பது அதைத்தான்.

சுத்தம் செய்வதும் சேமிப்பதும்

எதையும் தொடுமுன் பதிந்ததை அப்படியே வேவ் கோப்பாக எக்ஸ்போர்ட் செய்யுங்கள். ஸ்டீரியோவில் நிமிடத்துக்குச் சுமார் 10 எம்பி, 60 நிமிடக் கேசட்டுக்கு 600 எம்பி சொச்சம். டூ-இன்-ஒன்னின் ஒற்றை மைக்கில் பதிந்தது என்றால் மோனோவாக மாற்றலாம், பாதி இடம் மிச்சம்.

பிறகு ஒரு நகலில் மட்டும், யாரும் பேசாத இரண்டு விநாடியைத் தேர்ந்தெடுத்து ஆடாசிட்டியின் நாய்ஸ் ரிடக்ஷனில் நாய்ஸ் புரொஃபைல் (இரைச்சலின் மாதிரி) எடுத்து, இரைச்சலை 6 டெசிபல் குறையுங்கள். ஆசைப்பட்டு 20, 25 என்று போனால் ஆச்சி தாமிரபரணியில் முங்கிக்கொண்டு பேசுவதுபோல இருக்கும், கத்தரிச் சத்தமும் போய்விடும். குரல் மெதுவாக, தடித்துக் கேட்டால் 'சேஞ்ச் ஸ்பீடு அண்ட் பிட்ச்' கொண்டு கொஞ்சம் ஏற்றலாம். சரியான அளவு எது என்று அந்தக் குரலை அறிந்தவர்களைக் கேளுங்கள். எனக்குச் சித்தியும் மைனியும் உட்கார்ந்து சொன்னார்கள்.

வாட்ஸ்அப்பில் அனுப்ப 128 கேபிபிஎஸ் எம்பி3 போதும், அரை மணி நேரம் 28 எம்பிதான் வரும். வேவ் கோப்பை இரண்டு ஹார்டு டிஸ்கில் வையுங்கள், ஒன்று வேறொருவர் வீட்டில் இருக்கட்டும். கோப்புக்கு 'ஆடியோ1' என்று பெயர் வைக்காமல் யார் குரல், எந்த ஊர், ஏ சைடா பி சைடா என்று எழுதுங்கள். கேசட் அட்டையில் பேனாவால் எழுதியிருப்பதைப் போனில் படம் எடுத்து அதே ஃபோல்டரில் போடுங்கள்.

கேசட்டை எறிய வேண்டாம். முழுதாக ஒரு பக்கம் சுற்றி, அதன் டப்பாவுக்குள் போட்டு, புத்தகம் மாதிரி நிறுத்திவையுங்கள். ஓட்டுக்கு அடியில் பரணில் வேண்டாம், சித்திரை வெயிலுக்கு அந்த இடம் அடுப்பு. ஸ்பீக்கர் பக்கத்திலும் வேண்டாம், அதில் காந்தம் இருக்கிறது. எங்கள் வீட்டில் இப்போது பீரோவின் நடுத்தட்டில், சேலைகளுக்குப் பக்கத்தில் நிற்கின்றன.