கொரியக் ககொக் பாட வாயைப் பழக்குவது எப்படி?

கிருஷ்ணகிரியில் என்னிடம் ககொக் என்ற கொரியக் கலைப்பாடல் கற்க வருபவர்களுக்கு முதலில் ஒரு பஸ் டிக்கெட்டைத்தான் கையில் கொடுப்பேன். நிலா, மகள், முகமூடி மூன்றுக்கும் கொரியச் சொல் நம் காதுக்கு ‘தல்’தான். டிக்கெட்டை உதட்டுக்கு முன்னால் பிடித்துச் சொல்லுங்கள். நிலாவுக்குக் கொஞ்சம் அசையும். முகமூடிக்குப் படபடக்கும். மகளுக்கு அசையவே கூடாது. தொண்டையை இறுக்க வேண்டும். இதற்கே ஒரு வாரம் ஒதுக்குங்கள். தமிழில் எழுதிவைத்துப் பாடினால் இந்த வித்தியாசம் கண்ணில் படாது. 1446-இல் அரசர் செஜோங் வெளியிட்ட ஹங்குல் எழுத்திலேயே படியுங்கள்.

கொரிய மொழியில் உதடு குவியாமல் வரும் உகரம் நமக்குச் சுலபம். ‘பாட்டு’ என்பதில் கடைசியாக வரும் குற்றியலுகரம் மாதிரிதான். நீட்டும்போது உதடு குவிகிறதா என்று கண்ணாடியில் பாருங்கள்.

சொல் முடிவில்தான் நாம் சறுக்குகிறோம். சோறு என்றால் ‘பப்’. உதட்டை மூடினால் மூடியதுதான், ‘பப்பு’ ஆகக் கூடாது. ஆனால் அடுத்து உயிர் வந்தால் மெய் அதோடு சேர்ந்துவிடும். வசந்தம் ‘போம்’, ‘இ’ சேர்ந்தால் ‘போமி’. நன்னூலின் ‘உடல்மேல் உயிர்வந்து ஒன்றுவது இயல்பே’ அங்கேயும் செல்லும்! ஸ்வரத்தை ‘போ’விலேயே நீட்டி, ‘மி’யை அடுத்த ஸ்வரத்தில் எடுங்கள்.