ஆர்டர் தாமதமா? புகார் கொடுக்கும்போது செய்யக்கூடாத தவறுகள்

ஆன்லைனில் வாங்கிய பொருள் வரவில்லை, புகார் எழுத உதவுங்கள் என்று என்னிடம் வருகிறவர்கள் உண்டு. போன வாரம் ஒரு தம்பி மூன்று பக்கம் எழுதிக்கொண்டு வந்தார். எத்தனை முறை போன் செய்தார், யார் எப்படிப் பேசினார்கள், எல்லாம் இருந்தது. எந்தத் தேதிக்குள் தருவதாகச் சொன்னார்கள் என்பது மட்டும் இல்லை. நானும் ஒரு காலத்தில் இதிலேதான் கோட்டைவிட்டேன். பில்லைப் பத்திரமாக வைப்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும், அதை விட்டுவிடுகிறேன்.

டெலிவரி தேதியைப் படம் எடுக்காமல் விடுவது

இடுப்பெலும்பு முறிந்து ஆஸ்பத்திரியில் இருந்த அம்மாவுக்கு வாக்கர் ஆர்டர் செய்தேன். பணம் கட்டும்போது 12ஆம் தேதி என்று காட்டியது. 12 அன்று திறந்து பார்த்தால் 16. அப்புறம் 21. பழைய தேதி இருந்த சுவடே இல்லை. அம்மா வீட்டுக்கு வந்துவிட்டார். கடைக்கு ஓடி வேறொன்று வாங்கினேன். 20ஆம் தேதி வந்த பார்சலைத் திருப்பி எடுக்கச் சொன்னால், "உங்க ஆர்டர்ல 21னுதான் சார் இருக்கு, ஒரு நாள் முன்னாடியே கொடுத்துட்டோமே" என்றார்கள். மறுத்துக் காட்ட என் கையில் எதுவும் இல்லை. நினைத்தால் இன்றும் ஆத்திரம் வருகிறது.

ஏனென்றால் சட்டம் நமக்குச் சாதகமாகத்தான் இருக்கிறது. 2020ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு (மின்வணிக) விதிகளின்படி, சொன்ன கெடு தாண்டிப் பொருள் வந்தால் அதைத் திரும்ப எடுக்கவோ பணத்தைத் தரவோ விற்பனையாளர் மறுக்கக் கூடாது. வெள்ளம், புயல் போல அவர் கையை மீறிய காரணத்துக்கு மட்டும் விலக்கு. ஆனால் அந்தக் கெடு எது என்று நாம் காட்ட வேண்டுமே!

பணம் கட்டிய கையோடு, தேதி தெரிகிற மாதிரி ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். தேதி மாறும்போதெல்லாம் இன்னொன்று எடுங்கள். ஆர்டர் உறுதியானதாக வரும் மெயிலையும் குறுஞ்செய்தியையும் அழிக்காதீர்கள்.

"இனி தேவையில்லை" என்று ரத்து செய்வது

அப்படிப் போட வேண்டாம், நீங்களாக மனம் மாறியதாக ஆகிவிடும். காரணம் கேட்கும் இடத்தில் தாமதம் என்றே குறிப்பிடுங்கள்.

போனில் மட்டும் பேசுவது

புகார்களைக் கவனிக்கும் குறைதீர் அலுவலரின் பெயரும் தொடர்பு விவரமும் பொருள் வாங்கிய தளத்திலேயே இருக்க வேண்டும். அவருக்கு எழுதுங்கள். புகார் கிடைத்ததை 48 மணி நேரத்துக்குள் அவர் ஒப்புக்கொள்ள வேண்டும். ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். புகார் எண்ணைக் கேட்டு வாங்குங்கள். நடக்கவில்லையா, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

விற்பனையாளரின் ஊருக்கு அலைய வேண்டுமென்று பயப்படுவது

2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நீங்கள் குடியிருக்கும் அல்லது வேலை பார்க்கும் மாவட்டத்து நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணமே கிடையாது.

நாளைக் கடத்துவது

வழக்குப் போடக் கெடு 2 ஆண்டு.

அந்தத் தம்பியின் போனைத் துழாவியதில், ஆர்டர் செய்த அன்று வந்த குறுஞ்செய்தி ஒன்று அழியாமல் இருந்தது. அதில் தேதி இருந்தது. மூன்று பக்கத்தை ஒரு பக்கமாக்கி, அந்தக் குறுஞ்செய்தியின் படத்தை இணைத்து அன்றே அனுப்பினோம்.